ஒரே தெருவில் இரண்டு பெருநாள்

கொடைக்கானலில் மலைப்பூண்டு வாங்குகிறேன். கடைக்கார பாயும் என்னைப்போல் நோன்பாளி. எங்கள் ஜமாத்துக்குப் பிறை தெரியவில்லை. எதிர்ப் பள்ளிவாசலில் வெளிநாட்டுப் பிறையை ஏற்று இன்றே பெருநாள். அங்கே தொழுத அவர் மகன், புதுச்சட்டையோடு வந்து கட்டித்தழுவக் கை நீட்டுகிறான்.

"எனக்கு நாளைக்குத்தாம்லே பெருநாள். அப்ப வா."

"நாளைக்கு வெள்ளனே ஜீப் சவாரி இருக்கு, அத்தா. பெருநாளும் அதுவுமா நோன்பு வைக்கிறது ஹராம். விட்டுருங்க."

"ஏலே, நீ எனக்கு ஓதித் தர்றியா? போ!"

மகன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போகிறான்.

"ஒரு தடவை கட்டிப்பிடிச்சிருக்கலாமே பாய்," என்கிறேன்.

"உங்க மகன் எந்தப் பள்ளிவாசலுங்க?"

பூண்டுப் பையைத் தூக்குகிறேன். என் மகனுக்கும் இன்றுதான் பெருநாள். காலையில் அவன் ஸலாம் சொல்ல வருமுன்னே வத்தலக்குண்டில் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன்.