கடைப் பக்கமே வர வேண்டாம்

அந்தக் கடைத்தெருவில் பல்பு அண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு நாள் முழுக்க அவரிடம் பேசியதை எழுதினால் ஒரு தீப்பெட்டியின் முதுகில் அடங்கிவிடும். அண்ணே ஒரு பல்பு என்பார்கள், இந்தாங்க என்பார், முடிந்தது. எலக்ட்ரிக்கல் கடையில் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பவரிடம் யார் உட்கார்ந்து குடும்பக் கதை பேசப்போகிறார்கள்?

குடும்பம் என்று ஒன்று இருந்தால்தானே கதை. அப்பா போன பிறகு மூன்று தங்கைகளையும் அவர்தான் கரையேற்றினார். கடைசித் தங்கையை அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தலையில் பாதி நரைத்திருந்தது. அண்ணனுக்கும் ஒரு கல்யாணம் ஆக வேண்டும் என்று மூவரில் ஒருத்திக்குக்கூட ஞாபகம் வரவில்லை. போன் செய்தால் சாப்பிட்டியா என்று கேட்பார்கள். சாப்பிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவரவர் பிள்ளைகளின் பிரதாபத்துக்குப் போய்விடுவார்கள். அவருடைய வாடகை அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி வாங்கலாம் என்று ஒரு தடவை நினைத்தார். யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பு என்றால் அது தையல்காரம்மாதான். புருஷன் இறந்து பல வருஷமாகியிருந்தது, பிள்ளை கிடையாது. பின் தெருவில் ஓர் அறை எடுத்துத் தைத்துப் பிழைத்தார். மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, ஃபியூஸ் போன குண்டு பல்பை ஒரு வெட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார். பல்பு அண்ணன் அதை வாங்கிக் காதருகே வைத்து, டாக்டர் மாதிரி ஆட்டிப் பார்ப்பார். உள்ளே கம்பி அறுந்து கிணுகிணுக்கும். தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் ஆட்டிப் பார்ப்பார்.

விற்கிற பல்பை வாங்குபவர் கண்ணெதிரே எரியவிட்டுக் காட்டுவது அந்தக் கடையின் சட்டம். மேசைமேல் அதற்கென்றே ஒரு ஹோல்டர் உண்டு. மற்றவர்களுக்கு ஒரு சிமிட்டுச் சிமிட்டிவிட்டு அணைத்துவிடுவார். தையல்காரம்மாவுக்கு மட்டும் ஆற அமர எரியவிடுவார். அந்த வெளிச்சத்தில் அந்தம்மா நாலு வார்த்தை பேசுவார். போன வருஷத்து அளவையே கொடுத்துவிட்டு, சட்டை சுருங்கிவிட்டது என்று சண்டைக்கு வந்த பருத்த மனிதரைப் பற்றி ஒருநாள் சொன்னார். பல்பு அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டு முதலாளியே திரும்பிப் பார்த்தார்.

கடைத்தெரு முழுக்கப் பல்பு அண்ணனை அண்ணே, அண்ணா என்று கூப்பிட, தையல்காரம்மா மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க, அதே பல்பு இருக்கா?" என்றுதான் கேட்பார். நமக்கு இது ஒன்றுமில்லை. பல்பு அண்ணன் அந்த 'ஏங்க'வை அறைக்குக் கொண்டுபோய் ராத்திரி முழுக்கப் புரட்டிப் பார்ப்பார்.

தையல்காரம்மாவின் பல்பு ஏன் அத்தனை சீக்கிரம் போகிறது என்பதும் பல்பு அண்ணனுக்குத் தெரியும். விளக்கைத் தையல் மெஷின் பலகையிலேயே ஆணியடித்து மாட்டியிருப்பதாகப் பேச்சுவாக்கில் அவரே சொல்லியிருந்தார். மெஷின் அதிர்ந்தால் பலகை அதிரும், பலகை அதிர்ந்தால் பல்புக்குள் கம்பி அறும். சுவரில் மாட்டுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற அந்த உத்தமர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

திறக்க வேண்டிய இடத்திலும் திறக்கவில்லை என்பதுதான் நமக்குக் கோபம். இரண்டு பேரும் தனியாக இருக்கிறோமே, சேர்ந்து இருக்கலாமா என்று கேட்டுவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்து எத்தனையோ காலமாகிவிட்டது. அடுத்த பல்பு போகட்டும், கேட்டுவிடலாம் என்பார். அடுத்த பல்பும் போகும். கடையில் யாராவது நிற்பார்கள், அல்லது அவரே அவசரமாகச் சில்லறையை எண்ண ஆரம்பித்துவிடுவார். சரி, அதற்கடுத்த பல்பு.

அந்தச் சமயத்தில்தான் எல்.இ.டி. வந்தது. முதலில் அது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்த சாமான். விலையைக் கேட்டவர்கள் தொடாமலே நகர்ந்தார்கள். கம்பெனி ஏஜென்ட் ஒருவர் மாதாமாதம் பெட்டியோடு வந்து இறங்குவார். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் கூடியிருக்கும், விலை இறங்கியிருக்கும். ஆசியாக் கண்டத்தின் படத்தை மேசைமேல் விரித்து, இந்த நாட்டில் தெருவிளக்கு முழுக்க மாற்றியாகிவிட்டது, அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு அரசாங்கமே கொடுக்கிறது, இங்கே ஒரு தொழிற்சாலை, அங்கே அதைவிடப் பெரிய தொழிற்சாலை என்று விரலாலேயே கடல் தாண்டுவார். இனி குண்டு பல்பை நம்புகிறவன் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று முடிப்பார். முதலாளிக்கு அது வேதவாக்கு. பல்பு அண்ணனும் அந்தப் பேச்சை மனப்பாடம் செய்தார், நன்றாகவே விற்றார்.

ஒருநாள் தையல்காரம்மா வந்தார். கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. ஏதோ பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமாக வந்திருக்கிறது, ராப்பகலாகத் தைக்கிறேன், மூஞ்சிக்கு நேரே இந்தப் பல்பு அடுப்பு மாதிரி காய்கிறது என்றார். அதைக் கேட்டதும் பல்பு அண்ணனுக்கு மனசு தாங்கவில்லை. அலமாரியைத் திறந்து, இருந்ததிலேயே உசத்தியான எல்.இ.டி.யை எடுத்து ஹோல்டரில் போட்டார். மனப்பாடம் செய்த பேச்சு தானாக வந்தது. சுடாது, கண்ணைக் குத்தாது, உள்ளே கம்பியே இல்லாததால் மெஷின் எப்படி அதிர்ந்தாலும் ஒன்றும் ஆகாது. கடைசி வரியையும் விடவில்லை.

"ரெண்டு வருஷம் கேரண்டிங்க. நீங்க எங்க கடைப் பக்கமே வர வேண்டாம்."

தையல்காரம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சரி என்று வாங்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் பல்பு அண்ணனுக்கு உறைத்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கு ரசீதும் போட்டுக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

அதன் பிறகு தையல்காரம்மா வரவில்லை. நல்ல விளக்கு, எப்படி வருவார்? கடை வளர்ந்தது. பக்கத்துக் கடையையும் சேர்த்து இடித்துக் கட்டினார்கள். கூரை முழுக்கச் சதுர விளக்குகள், சுவர் முழுக்க நிறம் மாறும் விளக்குப் பட்டைகள். சாமானெல்லாம் அட்டைப்பெட்டியில் சீல் வைத்து வந்ததால் எரியவிட்டுக் காட்டும் வழக்கமும் நின்றது. ஒரு தடவை வாங்கியவர் மறுபடி தலைகாட்ட வருஷக்கணக்காயிற்று. தெரிந்த முகங்கள் குறைந்துகொண்டே வந்தன. அவ்வளவு வெளிச்சத்தின் கீழே நின்றுகொண்டு பல்பு அண்ணன் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பாழாய்ப்போன தனிமை பழகிவிடும் என்று சொல்கிறார்களே, அவருக்குப் பழகவில்லை.

தெருவில் எப்போதாவது எதிரே வந்தால் தையல்காரம்மா தலையசைப்பார், இவரும் அசைப்பார். நடுவில் ஒரு ஃபியூஸ் போன பல்பு இல்லாமல் ஒரு பெண்ணிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதனால் கேரண்டி முடிவதற்காகக் காத்திருந்தார். முடிகிற நாளன்று சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடையில் நின்றார். கேரண்டி முடிந்தால் விளக்கும் முடிய வேண்டுமா என்ன? நல்ல கம்பெனிச் சாமான். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகும் பல வாரம் பார்த்துவிட்டு, ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தானே பின் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

தையல்காரம்மா கதவைத் திறந்து, வாங்க என்றார். மெஷினின் தலையைக் கழற்றிச் சாக்கில் கட்டியிருந்தது. துணி மூட்டைகள் சுவரோரமாக நின்றன. பலகையில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கேரண்டி முடிந்துவிட்டது, விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்க வந்தேன் என்று பல்பு அண்ணன் அசடு வழிந்தார்.

"நல்லாத்தான் எரியுது," என்றார் தையல்காரம்மா. "இத்தனை நாள்ல ஒரு தடவை மினுக்குனது கிடையாது. குறை சொல்லவாவது கடைக்கு வரலாம்னு பார்த்தேன். அதுக்கும் நீங்க வழி வைக்கலையே."

இரண்டு வருஷமாகத் தான் மட்டும்தான் காத்திருப்பதாகப் பல்பு அண்ணன் நினைத்திருந்தார். மூட்டையெல்லாம் எதற்கு என்று கேட்டார். ஊரில் அண்ணி படுத்த படுக்கையாகிவிட்டார், அண்ணன் வீட்டுக்கே போகிறேன், நாளைக்கு வண்டி வருகிறது என்றார் தையல்காரம்மா.

"போகாம இருக்க முடியாதா?" என்றார் பல்பு அண்ணன். "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கலாமான்னு உங்களைக் கேக்கணும்னுதான் இத்தனை காலமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

தையல்காரம்மா கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"போன மாசம் வந்து கேட்டிருந்தீங்கன்னா அண்ணன்கிட்ட வேற பதில் சொல்லியிருப்பேன். இப்ப வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேங்க. அங்க அவங்களைத் தூக்கி உக்கார வைக்கக்கூட ஆளில்லை."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பல்பு அண்ணன் தாங்கியிருப்பார். பிறகு தையல்காரம்மா, திருகினால் அசையவில்லை, இந்த விளக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா, கூடவே கொண்டுபோகிறேன் என்று கேட்டார். பல்பு அண்ணன் சுவிட்சை அணைத்து, விளக்கைப் பக்குவமாகக் கழற்றினார். அவர் நீட்டிய துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"அங்க போட்டாலும் இதே மாதிரி எரியுமில்ல?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"எரியுங்க," என்றார் பல்பு அண்ணன். "இன்னும் ரொம்ப வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது."