இரு சபைக்கு ஒரு நாக்கு

சனிக்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, பல் பிடுங்க வேண்டியவரை விட்டுவிட்டுத் துணைக்கு வந்தவரை உள்ளே அனுப்பினாள். டாக்டர் முறைத்தார். மூன்று மணிக்கு ஆலயத்தில் கூட்டம். அண்ணனும் மாமனாரும் நேருக்கு நேர் உட்காரப் போகிறார்கள், நடுவில் இவள்.

ஒரே ஆலயத்தில் இரண்டு மொழிக்காரர்கள் ஆராதனை நடத்தினார்கள். காலையில் மாமனாரின் சபை, அது முடிந்ததும் அண்ணனின் சபை. இருவருமே அவரவர் சபையை நடத்தும் மூப்பர்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குச் சுத்தமாகப் புரியாது. காதலித்து அந்த வீட்டுக்கு மருமகளாய்ப் போன இவளுக்கு மட்டும் இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. கணவனுக்கோ பாதி வருடம் கப்பலில் வேலை. ஆகவே பதினோரு வருடமாக இரு வீட்டுக்கும் இரு சபைக்கும் இவள்தான் வாய்.

வாய் என்றால் சாதாரண வாய் இல்லை. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று நோயாளிகளிடம் சொல்லியே பழகிய வாய். "உன் அண்ணன் டையை மாட்டிக்கிட்டா மூப்பனாயிடுவானா?" என்று மாமனார் கேட்டால், "உங்க டை நல்லாயிருக்காம்ணா" என்பாள். "அந்த ஆளுக்கு மண்டைக்கனம்" என்று அண்ணன் சொன்னால், "அண்ணன் உங்களை ரொம்ப மதிக்கிறார் மாமா" என்று ஆகிவிடும். சமாதானம் பண்ணுகிறவர்களைப் பற்றி இயேசு சொன்னதைத் தனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டாள். பொய்யைப் பற்றி வேதம் சொல்வது நினைவுக்கு வந்தால் ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்வாள்.

போன ஞாயிறு அவள் வாய்க்கு வேலையே இல்லாமல் போயிற்று. மாமனாரின் ஜெபம் நேரத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டே போக, வெளியே காத்திருந்த அண்ணன் உள்ளே வந்து மைக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். இன்று சமாதானம் ஆகாவிட்டால் ஒரு சபை இடத்தைக் காலி பண்ண வேண்டும். அப்புறம் இவள் எந்த வாசலை மிதித்தாலும் மற்ற வாசல் மூடிக்கொள்ளும்.

கூட்டத்தில் மாமனார்தான் ஆரம்பித்தார். "ஜெபத்துல கை வைக்கிறவன் கிறிஸ்தவனே இல்ல. இவன் மூஞ்சியில முழிக்கவே எனக்கு இஷ்டமில்ல!" மேஜையில் ஓங்கி ஒரு குத்து. தண்ணீர் டம்ளர் உருண்டது.

"என்ன சொல்றார்?" என்றார் அண்ணன்.

"உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷமாம்ணா."

அண்ணன் டம்ளரைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். "சந்தோஷத்துல மேஜையைக் குத்துவாரா? பாப்பா, உண்மையைச் சொல்லு. எத்தனை நாளா இது நடக்குது?"

அவள் உருண்ட டம்ளரை நிமிர்த்தி வைத்தாள். அண்ணனுக்கு ஒரு மொழியில், மாமனாருக்கு ஒரு மொழியில், பதினோரு வருடப் பொய்யையும் கொட்டித் தீர்த்தாள். டை விஷயத்தைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தங்கை அழுவதைப் பார்த்ததும் அண்ணனின் வீறாப்பு எங்கோ போய்விட்டது.

"பெரியவர்கிட்ட சொல்லு பாப்பா. நேரமாச்சுன்னு நான் பிளக்கைப் பிடுங்கல. அவர் ஜெபம் பண்ணும்போது வெளிய நின்ன எங்க ஆளுங்க அழுதாங்க, ஒரு வார்த்தை புரியாமலே. நான் ஜெபம் பண்ணி ஒருத்தரும் அழுததில்ல. பொறாமையில பண்ணிட்டேன். மன்னிக்கச் சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாமனாரிடம் சொன்னாள்.

மாமனார் கோபப்படவில்லை. இவள் தலையில் கை வைத்தார். "நீ நல்ல பொண்ணும்மா. எங்களுக்காக ரொம்பப் பாடுபட்டுட்ட. போதும். இப்ப அவன் நிஜமா என்ன சொன்னான், அதைச் சொல்லு."

"சத்தியமா இதைத்தான் சொன்னார் மாமா!"

மாமனார் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எதிரே அண்ணன் கண் கலங்கக் காத்திருந்தார். "என்ன சொல்றார்? மன்னிச்சிட்டாரா?"

நல்ல பதில் ஒன்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நீங்க அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டீங்களாம்ணா."