கண்ணாடியில் பார்த்துக் கட்டிய வண்டி

சலூன்காரரின் கடையில் டிவி பின்சுவரில் மாட்டியிருந்தது. அவர் நிற்பதோ எதிர்ச்சுவர்க் கண்ணாடியைப் பார்த்து. ஆகையால், மாலை ஐந்து மணிக்கு வந்த அந்த விண்வெளித் தொடரைப் பதினோரு வருடமும் அவர் கண்ணாடியில்தான் பார்த்தார். நாற்காலியில் தலையைக் கொடுத்தவர்களும் அப்படித்தான். காத்திருப்போர் பெஞ்சும் டிவிக்கு அடியிலேயே கிடந்ததால், அதில் உட்கார்ந்தவர்களும் அப்படித்தான்.

இதில் அவருக்குச் சந்தேகம் வராததற்கு நியாயம் உண்டு. ஆளுக்குப் பின்னால் நின்று முடி வெட்டுகிறவருக்கு, இடது காது கண்ணாடியிலும் இடப்பக்கமே தெரியும். முப்பது வருடத் தொழிலில் கண்ணாடி அவரை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. செய்தி வந்தால் எழுத்தெல்லாம் புரண்டு ஓடுமே என்பீர்கள். செய்தி நேரத்தில் அவர் டிவியை அணைத்துவிடுவார். நாற்காலியில் இருப்பவரைக் கேட்டால் இன்னும் விவரமாகக் கிடைக்கும்.

தொடரில் ஒரு வண்டி வரும். வேற்றுக் கிரகத்து மீட்பு வண்டி. வெள்ளி நிறம், கூரையில் ஓரமாக நீல விளக்கு, பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு தகடு, பானெட்டில் எந்த ஊர்க்காரருக்கும் புரியாத ஏழு எழுத்து. அது கிளம்பினால் சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிடுவார். பாதி மீசையோடு அந்தக் கிரகம் பிழைக்கக் காத்திருந்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

தொடர் முடியப்போகிறது, அடுத்த வருடம் ஊர்வலம் நடக்கும், அசல் வண்டியின் பின்னால் ரசிகர்கள் கட்டிய வண்டிகளும் போகலாம் என்று அறிவிப்பு வந்தது. சலூன்காரர் அன்றே முடிவு செய்துவிட்டார். வீட்டில் இருந்த ஒரே கார் மாமனார் விட்டுப்போனது. மனைவி தபால் நிலையத்தில் வேலை. பேச்சும் முத்திரை குத்துவது போலத்தான்.

"ஊர்வலத்துல சேத்துக்கிட்டா அது உங்க வண்டி. சேக்கலைன்னா அது எங்கப்பா வண்டி. எப்படி இருந்துச்சோ அப்படியே வாசல்ல நிக்கணும், ஒரு கீறல் கூடுதலா இருக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டார். பழைய மின்விசிறி இறக்கைகள் துடுப்பாயின. ஆறு ஹேர் டிரையர்கள் சேர்ந்து விண்வெளிச் சத்தம் போட்டன. எஞ்சின் சத்தம் அதில் கேட்காததால் வண்டி நின்றுபோனதே பல தடவை தெரியவில்லை. மிதித்தால் உயரும் சலூன் நாற்காலி ஓட்டுநர் இருக்கையானது. தொடரில் ஸ்டியரிங் இடப்பக்கம் என்று பட்டறைக்காரர் சத்தியம் செய்து, வலப்பக்கம் இருந்ததை அறுத்து இடப்பக்கம் வைத்தார். அவரும் வாடிக்கையாளர்தான்.

மனைவி தொடரை வீட்டு டிவியில் பார்ப்பவர். விளக்கு அந்தப் பக்கம் இல்லையே என்று ஒரே ஒரு முறை சொன்னார். சலூன்காரர் பதறிப்போய் டிவி மெக்கானிக்கைக் கூட்டிவந்து வீட்டு டிவியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். மாதம் தவறாமல் கடைக்கு வரும் அந்த ஆள் ஒரு மணி நேரம் குடைந்து பார்த்துவிட்டு, "ஆமாக்கா, செட்டு மாத்தித்தான் காட்டுது. பாத்தா கண்ணு பழகிரும், விடுங்க" என்றார். மனைவி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஊர்வல மைதானத்தில் ஒரு பெண் அதிகாரி பட்டியலோடு வந்தார். விளக்கு, துடுப்பு, எழுத்து, ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றாக அளந்தார். வண்டியை இரண்டு தடவை சுற்றினார்.

"சார், இவ்வளவு சரியா யாருமே கட்டலை. ஆனா எல்லாமே பக்கம் மாறி இருக்கு. சேக்க முடியாது."

சற்றுத் தள்ளி நின்ற அசல் வண்டியைச் சலூன்காரர் அப்போதுதான், வாழ்க்கையில் முதல் முறையாக, நேராகப் பார்த்தார். பிறகு தன் வண்டிக்குள் போய் உட்கார்ந்தார். எண்ணெய் கசிந்த நாற்காலி அவரை மெல்ல மெல்லக் கீழே இறக்கியது. அறுத்த ஸ்டியரிங்கை எப்படித் திருப்பி ஒட்டுவது, கூரையில் போட்ட ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் ஜன்னலில் அவருடைய நெற்றி மட்டும்தான் மிச்சம்.

மனைவி அந்த நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஏம்மா, ஒரு நிமிஷம் வா" என்று அதிகாரியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அசல் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். கணவரிடம் வண்டியை அதற்கு நேர் பின்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். "இப்ப பின்னாடி வர்ற வண்டி தெரியுற அந்தக் கண்ணாடியில பாரு."

அதிகாரி பார்த்தார். திரும்பி நேராகப் பார்த்தார். மறுபடி கண்ணாடியில் பார்த்தார். பட்டியலை எடுத்து, அசலுக்கு நேர் பின்னால், வேறெங்கும் நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, வரிசையில் முதல் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

ஊர்வலம் நகர்ந்தது.  பாதி வழியில் சலூன்காரர் பக்கத்தில் இருந்த மனைவியிடம், நீ பேசாமல் இருந்திருந்தால் உன் அப்பா வண்டி உனக்கே திரும்பி வந்திருக்குமே என்று கேட்டார்.

"எங்க வர? அதையும் நீங்க கண்ணாடியில பாத்துத்தானே திருப்பிக் கட்டுவீங்க."

சலூன்காரர் சாலை தெரிவதற்காக நாற்காலி மிதியை இரண்டு முறை அழுத்தி உயர்ந்துகொண்டார்.