தையல் பார்க்கப் போன டாக்டரம்மா

எஸ்தரம்மா இறந்த செய்தி எனக்கு மேட்டுப்பாளையத்தில் வந்தது. அங்கே மகள் வீட்டில் போன் இல்லை. அடுத்த வீட்டுப் பாக்கு வியாபாரி வீட்டுக்குத்தான் எங்களுக்கான போன் வரும். அந்த வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏனுங்க ருக்மணியக்கா, அவிநாசியிலிருந்து கூப்படறாங்க, வெரசா வாங்க" என்றார். வெங்காயம் உரித்த கையோடு போனேன். எங்கள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான் பேசினார். "அம்மா காலையில போயிட்டாங்க ருக்மணி. காப்பியக் குடிச்சுப்போட்டு நாற்காலியில சாஞ்சாங்க. அவ்வளவுதான்." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. அந்தக் காப்பியில் சர்க்கரை அள்ளிப் போட்டிருப்பார். ஊருக்கெல்லாம் பத்தியம் சொன்ன டாக்டருக்குத் தன் டம்ளரைப் பார்க்கத் தெரியாது. எத்தனையோ தடவை நான் அதைப் பிடுங்கிக் கொட்டியிருக்கிறேன்.

அவருடைய நினைவு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். அவருடைய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தேன். என் பேத்திகள் மூன்று பேரும் அவர் கையில் பிறந்தவர்கள். மூத்தவள் இப்போது கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிறாள். "குடுங்க ஆத்தா, தப்பத் திருத்தித் தாரேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எஸ்தரம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுத என் எழுத்தே போதும்.

பிரசவத்துக்கு வந்தவர்கள் அவரைப் பற்றி நிறையச் சொல்வார்கள். கருவைக் கலைக்க வந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வயிற்றோடு வருகிற பெண் தனியாக வர மாட்டாள். மாமியார், புருஷன், நாத்தனார் என்று கூடவே ஒரு கூட்டம் வரும். அவள் தலை குனிந்து நிற்பாள், மற்றவர்கள் பேசுவார்கள். எஸ்தரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, எல்லாரும் போயி டீ குடிச்சுட்டு வாங்க" என்பார்.

"ஏனுங்க டாக்டரம்மா, அவளுக்குப் பேசத் தெரியாதுங்க. நாந்தான் சொல்லோணும்" என்று ஒரு மாமியார் அசையாமல் நின்றாள்.

"வயிறு யாருதுங்க அம்மிணி? உங்களுதா, அவளுதா?"

"அவளுதுதானுங்க."

"அப்ப டீ உங்களுக்கு, பேச்சு அவளுக்கு. ருக்மணி, கூட்டிட்டுப் போ."

அவர்களை வெளியே உட்கார வைப்பது என் வேலை. மாமியார்களை எதைக் கேட்டால் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு அத்துப்படி. மூட்டு வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், உள்ளே பேசுகிறவர்கள் நிதானமாகப் பேசலாம்.

லாரி டிரைவர் ஒருவருடைய மனைவி வந்தாள். கைக்குழந்தை தவழக்கூட ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அடுத்தது. உடம்பில் ரத்தமே இல்லை. புருஷன் குஜராத் பக்கம் லோடு ஏற்றிப் போயிருந்தார். வேறொரு இடத்தில் புருஷன் கையெழுத்து இல்லாமல் தொட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொண்டால்தான் ஆகும் என்றார்கள். எஸ்தரம்மா அவளிடம், "பதினெட்டு வயசு தாண்டிட்டீல்ல? சட்டம் கேக்கறது உன்ற கையெழுத்த மட்டும்தான் கண்ணு. புருஷன் கையெழுத்து ஆஸ்பத்திரிக்காரங்க பயத்துக்கு வாங்கறது" என்றார். அவள் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தன் கையெழுத்து எதற்கும் செல்லும் என்று அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் எஸ்தரம்மா. அங்கே இந்தப் பேச்சு எட்டாமல் இருக்குமா? போதகர் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், சத்தம் போட மாட்டார்.

"டாக்டரம்மா, ஜீவனைக் குடுக்கறது தேவன். அதை எடுக்கற வேலை உங்களுக்கு என்னத்துக்குங்க?" என்றார்.

"அதை நான் தெனமும் அவர்கிட்டயே கேட்டுட்டுத்தான் இருக்கறனுங்க ஐயா. இன்னும் பதில் வரல" என்றார் எஸ்தரம்மா. பிறகு வெளியே பெஞ்சில் இருந்தவர்களைக் காட்டினார். திருநீறு வைத்தவள் இருந்தாள், புர்கா போட்டவள் இருந்தாள், கழுத்தில் சிலுவை போட்டவளும் இருந்தாள். "இவங்க எல்லாருக்கும் அவங்கவங்க சாமி வேண்டாம்னுதான் சொல்லியிருக்குது. அது தெரிஞ்சுதான் வாராங்க. நீங்களெல்லாம் பாவம்னு சொன்னா அவங்க என்ற கிட்ட வர்றதத்தான் நிறுத்துவாங்க. கலைக்கறத நிறுத்த மாட்டாங்க. எருக்கங்குச்சி வெச்சுக் கலைக்கறவ ஊட்டுக்குப் போவாங்க. அங்க போனவங்கள்ல பாதிப் பேர அப்பறம் உங்ககிட்டத்தான் கொண்டுவருவாங்க, அடக்கம் பண்ண."

போதகர் காப்பியைக் குடித்துவிட்டு, ஜெபம் செய்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் இருவரும் சிநேகிதமாகத்தான் இருந்தார்கள்.

இப்படித் திடமாகப் பேசிய எஸ்தரம்மாவைக் கலங்கடித்தவள் துளசிமணி. காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. சுமாரான பூமி இருக்கிற விவசாயக் குடும்பம். இரண்டு பெண் குழந்தைகள், இப்போது மூன்றாவது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்று அப்போது சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் எங்கேயோ ஒரு இடத்தில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள், பெண் என்று. மாமியாரும் புருஷனும் அவளைக் கூட்டி வந்தார்கள்.

எஸ்தரம்மா வழக்கம்போல அவர்களை டீ குடிக்க அனுப்பினார். அன்று நான் கதவுக்கு உள்பக்கம் நின்றேன். "பயப்படாத கண்ணு. அவங்க சொல்றத உடு. உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அழுதுகொண்டே, "எனக்குப் புள்ளை வேணுமுங்க" என்று சொல்வாள் என்று நாங்கள் இரண்டு பேருமே எதிர்பார்த்தோம்.

துளசிமணி அழவில்லை. "ஊட்ல யாரும் கட்டாயப்படுத்தலீங்க. நாந்தான் கேக்கறேன். இதுவும் பொட்டப்புள்ளைன்னா அவருக்கு வேற பொண்ணுப் பாப்பாங்க. இருக்கற ரெண்டையும் கூட்டிட்டு நான் எங்கீங்க போவேன்? இது ஒண்ணு போனா, அந்த ரெண்டும் தப்பிக்குமுங்க" என்றாள்.

எஸ்தரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். "பொண்ணுங்கறதுக்காக நான் செய்ய மாட்டேன் அம்மிணி. சட்டமும் உடாது, என்ற மனசும் உடாது. முடியாது" என்றார்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். செருப்பை மாட்டிக்கொள்ளும்போதுகூட முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு வாரத்துக்குள் அவளைத் தேங்காயெண்ணெய் மில் வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நல்ல வெயில் நேரம். குளிர் ஜுரத்தில் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குச்சி வைக்கிறவளிடம் போயிருக்கிறாள். எஸ்தரம்மா மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஆபரேஷனுக்குப் போனார். உயிர் பிழைத்தது, கர்ப்பப்பை போய்விட்டது. வெளியே வந்த எஸ்தரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாமியார் கேட்டாள்:

"அன்னைக்கே நீங்க செஞ்சிருந்தீங்கன்னா எம்மருமகளுக்கு இந்தக் கதி வந்திருக்குமாங்க?"

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. யாரால் வந்தது என்று நான் வாயெடுத்தேன். எஸ்தரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்து நிறுத்தினார். "வந்திருக்காதுதானுங்க. ஆனாலும் நாளைக்கு வேறொருத்தி வந்து கேட்டா முடியாதுன்னுதான் சொல்லுவேன். வெறும் முடியாதுன்னு மட்டும் சொல்லி அனுப்ப மாட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு" என்றார்.

துளசிமணி தேறி வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எஸ்தரம்மா என்னைக் கூப்பிட்டார். "ருக்மணி, காங்கேயத்துக்கு எந்த பஸ்?"

அவருக்கு பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது. திருப்பூர் தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தை மோந்து மோந்து அதன் தோலே கறுத்துவிட்டது. துளசிமணி வீட்டு வாசலில் போய் நின்றபோது அவரே நோயாளி மாதிரி இருந்தார்.

"தையல் பாக்க வந்தனுங்க" என்றார்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் வெளியூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். துளசிமணியின் புருஷனுக்கு வேறு பெண் பார்க்கிற விஷயமாகத்தான் வந்திருந்தார். துளசிமணிக்கு இனிப் பிள்ளை பிறக்காது என்று தெரிந்ததும் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். எஸ்தரம்மா அவருக்கு எதிரில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஒன்றுமே கேட்கவில்லை. வந்தவர் கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மாமியார்தான் மனசு பொறுக்காமல் சொன்னாள். "நாங்க கொடுமைக்காரங்க இல்லீங்க. பொட்டப்புள்ளைக்கும் பூமியில பங்குன்னு சட்டம் போட்டுட்டாங்க. பவுனும் போட்டு, பூமியும் குடுத்துட்டு நாங்க என்னத்தத் திங்கறது? பையன் இல்லாத ஊடு யாரு பேர்லீங்க நிக்கும்?"

"பொண்ணு நல்லா இருக்கோணும்னு போட்ட சட்டமுங்க அது. அதையே காரணமாக்கி இப்பப் பொண்ணே வேண்டாங்கறீங்க. அதுக்கு இனி எந்தச் சட்டத்தப் போடறதுன்னு எனக்குத் தெரியலீங்க" என்றார் எஸ்தரம்மா. கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதமும் போனோம். அதற்கு அடுத்த மாதமும் போனோம். தையல் ஆறித் தழும்பும் மங்கிவிட்டது. அவர் வாசலில் நின்று அதே வார்த்தையைத்தான் சொல்வார். மாமியாருக்கு எரிச்சல். "ஏனுங்க ருக்மணி, தையல் ஆறி வருஷமாகப் போகுது. உங்க டாக்டரம்மாவுக்கு வேற சோலி இல்லீங்களா?" என்று என் காதைக் கடித்தாள். நான் எஸ்தரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மாசாமாசம் ஒரு டாக்டர் வந்து உக்காந்துட்டுப் போற ஊட்ல ரெண்டாங் கல்யாணப் பேச்ச எடுக்கறது கஷ்டம். அக்கம்பக்கத்துல எல்லாரும் பாக்கறாங்கல்ல?" என்றார்.

கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். எழும்பும், அடங்கும். எஸ்தரம்மாவும் அவர்களைத் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டதில்லை. போய்ப் போய் வந்தார், அவ்வளவுதான். போகப் போக அந்த மாமியார் அவருக்கென்று அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி வைக்க ஆரம்பித்தாள். "நெய் ஊத்துங்க, ஏன் அளந்து பாக்கறீங்க?" என்று எஸ்தரம்மா சண்டை பிடிப்பார். அவரையே முறைத்துப் பார்க்கிற என் பக்கம் திரும்பவே மாட்டார்.

அடக்கத்துக்கு நானும் போய்ச் சேர்ந்தேன். சர்ச் வாசலில் நிறையப் பெண்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். சர்ச்சுக்காரர் ஒருவர் மரியாதையாக, "அம்மாவுக்கு நீங்க எந்த வகையிலீங்க வேணும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வந்தார். "தெரிஞ்சவங்கதானுங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். துளசிமணியும் மாமியாரும் இரண்டு சிறுமிகளோடு நின்றார்கள். அவர்களிடமும் கேட்டார். மாமியார்தான் பதில் சொன்னாள். "எங்க ஊட்டுக்கு வருவாங்க."

கூட்டம் கலைகிறபோது துளசிமணி என் பக்கத்தில் வந்தாள். மாமியார் குழந்தைகளுக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். "ருக்மணியக்கா, போன வாரம் அந்தக் கயித்துக்கட்டில்காரரு மறுபடியும் வந்துட்டுப் போனாருங்க. இனி எங்க ஊட்டுக்கு யாருங்க வருவாங்க?" என்று கேட்டாள்.

"நான் வாரேன் கண்ணு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்று, தையல் பாக்க வந்தனுங்க என்றேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குத் தையலப்பத்தி என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. சோறு ஆயிருச்சா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு துளசிமணியின் சின்ன மகள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

எஸ்தரம்மா தன் படிப்பை எனக்கு விட்டுப்போக முடியாது, தன் பக்தியையும் விட்டுப்போக முடியாது. காங்கேயம் பஸ்ஸை விட்டுப்போயிருக்கிறார். அதில் ஏறி உட்கார ஐந்தாம் வகுப்பு போதும். கால் நடக்கிற வரைக்கும் நான் அந்த வீட்டுக்குப் போவேன்.