உட்காரவைத்து எடுத்த கால் அளவு

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. துபாயிலிருந்த அண்ணன் ஷூ வாங்கி அனுப்புவதற்காக, அப்பா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தைக் காகிதத்தில் வரைந்து கடிதத்தோடு அனுப்பினார். வந்த ஷூவில் குதிகாலுக்குத் தடித்த மெத்தை, விரல்களுக்கோ இடமே இல்லை. வரப்பில் ஓடிப் பழகிய நான் முன்பாதத்தை ஊன்றித்தான் ஓடுவேன். ஊன்றினால் விரல்கள் விரியும். ஒரத்தநாட்டு மைதானத்தில் இரண்டே சுற்றில் விரலெல்லாம் கொப்புளம்.

"ஃபாரின் ஷூ கடிக்குமா? உன் கால்லதான் கோளாறு" என்றார் பி.டி. மாஸ்டர்.

அங்கேயே ஒரு தாளில் ஏறி நின்று, பாதத்தை வரைந்து, வெட்டி, ஷூவுக்குள் நுழைத்துக் காட்டினேன். இரண்டு ஓரமும் சுருண்டுகொண்டன.

குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"அதுக்கென்ன, தடிச்ச சாக்ஸா ரெண்டு போட்டுக்கிட்டு ஓடு."