மூன்று நாள் பாட்டும் வெட்டுப்பட்ட கைப்பட்டையும்

என் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்தவர்கள் நாலு பேர். மூத்தவர் துறைமுகத்தில் எடைமேடை பார்த்தவர். அவருக்கு அடுத்து என் வீட்டுக்காரர். பிறகு இரட்டைப் பிறவியாக இரண்டு நாத்தனார்கள். எல்லோரும் போதும் என்று நினைத்த பிறகு, ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் கடைசி நாத்தனார். அவளைத்தான் சின்னவள் என்போம். ஐம்பத்து நாலு வயதாகி, மகளைக் கட்டிக்கொடுத்தும் இன்னும் சின்னவள்தான்.

சின்னவள் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் உதவியாளர். இருபத்தேழு வருஷமாக அங்கேதான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாரம் சரிந்து தொடை எலும்பு முறிந்த பெயின்டர் ஒருவர் நாலு மாதம் படுத்திருந்தார். அவர் வீட்டுக்குப் போகும்போது மேஜை இழுப்பறையில் ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போனார். திரும்பி வாங்க வருவார் என்று இவள் எடுத்து வைத்தாள். அவர் வரவில்லை. துணி மடிக்கிற அறையில் ஒரு பழைய டேப் இருந்தது. போட்டுக் கேட்டாள். முதல் பத்து நாள் தலைவலி. பதினோராவது நாள், போடாவிட்டால் தலைவலி.

அது நாலு பேர் கொண்ட ராக் குழு. அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் என் வாயில் நுழையாது. அவளும் 'நம்மாளுங்க' என்றுதான் சொல்வாள். நம்மாளுங்க புதுசு போட்டிருக்காங்க, நம்மாளுங்கள்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லையாம் என்பாள். கேட்பவர்கள் சொந்தக்காரர் யாரோ என்று நினைத்து விசாரிப்பார்கள். ஆனால் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. வார்டில் எப்போதும் ஆள் குறைவு. லீவு கேட்டால் மேட்ரன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் அந்தக் குழு அறிவித்துவிட்டது, இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று. கடைசியாக வாசிப்பது ஒரு மூன்று நாள் விழாவில். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு. சின்னவள் மேட்ரன் முன்னால் போய் நின்று, "லீவு குடுத்தா வேலைக்கு வருவேன், குடுக்கலேன்னா வரமாட்டேன்" என்றாள். மேட்ரன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தனியாகப் போகக் கூடாது என்று மகள் தடுத்தாள். அவளுக்கு எட்டாம் மாதம், கூடப் போக முடியாது. சின்னவளின் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, பெரிய மனசோடு சொன்னார்: "எங்கம்மா சும்மாதானே இருக்காங்க. கூட வருவாங்க."

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறார். ஆனால் மகன் வாயை விட்டாயிற்று. சம்பந்தி முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேருமாகக் கிளம்பினார்கள்.

விழா நடந்தது ஒரு பழைய விமானத் திடலில். மூன்று மேடை. ஓரமாக ஆயிரக்கணக்கில் கூடாரம். உள்ளே நுழையும்போது மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, கழற்ற முடியாதபடி பூட்டி விடுகிறார்கள்.

முதல் நாள் காலை சம்பந்தியம்மா இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் மொட்டைத் தலையோடு மூன்று பேர் வந்து வாசித்தார்கள். பாதியில் ஒரு காதுப் பஞ்சு வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் மற்றதும்.

"என்ன சம்பந்தி, கழட்டிட்டீங்க?"

"இல்ல, அந்தக் கொட்டு மிஷின் ஓடுற மாதிரியே இருக்கு. ஒரு தையல்கூட விடல பாருங்க."

மூன்று பேரும் போன பிறகு, இவர்கள் மறுபடி எப்போது வருவார்கள் என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் விசாரித்திருக்கிறார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூடாரத்துக்குத் திரும்பினார்கள். உடம்பெல்லாம் புழுதி. குழாயடியில் கைகால் கழுவப் போனபோதுதான் அது நடந்தது. சின்னவள் பையிலிருந்து முனை மழுங்கிய கத்தரியை எடுத்தாள். இரண்டு விரலைத் தன் மணிக்கட்டில் பட்டைக்கு அடியில் கொடுத்து, ஒரே வெட்டு. பிறகு, "கைய நீட்டுங்க சம்பந்தி" என்றாள். அந்த அம்மா சமர்த்தாக நீட்டினார். அதுவும் ஒரே வெட்டு. இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டு முகம் கழுவினாள்.

அவள் வேலை அப்படி. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போகும்போது கையில் ஆஸ்பத்திரிப் பட்டையோடு வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வார்டில் சட்டம். ஒரு நாளைக்கு எட்டோ பத்தோ வெட்டுவாள். யாருடைய கையிலாவது பட்டையைப் பார்த்து, அவர் கிளம்புகிறார் என்று தெரிந்தால் அவள் கை தானாகவே கத்தரிக்குப் போய்விடும். அன்றைக்கு மனசு பாட்டில் இருந்தது. கை வார்டில் இருந்தது.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு தபால்காரர். வருஷா வருஷம் வருகிறவர். அவர்தான் கேட்டார்.

"ஏம்மா, ரெண்டு பேர் கையிலயும் பட்டையக் காணோம்?"

"வெட்டிட்டேன். ஏன், நாளைக்கு வேற குடுப்பாங்கல்ல?"

தபால்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "மூணு நாளைக்கும் அது ஒண்ணுதாம்மா. அது இல்லாம உள்ள விடமாட்டாங்க."

சின்னவள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பட்டைகளைத் தேடி எடுத்தாள். சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டே நின்றார். வேறு யாராவது இருந்திருந்தால் பிடிபிடியென்று பிடித்திருக்கலாம். சம்பந்தி ஆயிற்றே.

"பரவால்ல சம்பந்தி," என்றார். கொஞ்சம் கழித்து, "பரவால்ல," என்றார். அப்புறம் அதையும் சொல்லவில்லை.

"உங்க மொட்டத் தலைக்காரங்க நாளைக்கு வர்றாங்கல்ல?" என்று சின்னவள் மெல்லக் கேட்டாள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு," என்றார் அந்த அம்மா, வேறு பக்கம் பார்த்தபடி. பிறகு பையைத் திறந்து ஊசி நூலை எடுத்தார். டார்ச்சைச் சின்னவள் பிடிக்க, இரண்டு பட்டைகளையும் கையைச் சுற்றி வைத்தே தைத்துவிட்டார். நூல் நிறம்கூட ஒத்துப்போயிற்று.

மறுநாள் காலை வாசலில் நின்ற காவல்காரப் பெண் சின்னவளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன்னோடு நின்றவனைக் கூப்பிட்டாள். "இங்க வந்து இந்தத் தையலைப் பாரேன்."

"தையல்ல என்னம்மா குத்தம்?" என்றார் சம்பந்தியம்மா. அவருக்குச் சுருக்கென்று இருந்தது.

"குத்தம் இல்லாததுதாம்மா குத்தம். எங்க பட்டையில ஓரமெல்லாம் நூல் பிரிஞ்சு தொங்கும். இது பிரியவே இல்ல."

"பிரியற மாதிரி எனக்குத் தைக்க வராது."

இரண்டு பேரையும் ஒரு தகரப்பெட்டி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் அதிகாரி, கையில் இரண்டு போன். வெட்டின பட்டை செல்லாது, வெட்டி அடுத்த ஆளுக்கு விற்றுவிடுகிறார்கள் என்றார். தாங்கள் விற்கவில்லை, பழக்கத்தில் வெட்டிவிட்டதாகச் சின்னவள் சொன்னாள்.

"பட்டைய வெட்டுற பழக்கமா? அது என்னம்மா பழக்கம்?"

சின்னவள் அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, வார்டு கதையைச் சொன்னாள். "இருபத்தேழு வருஷமாக் கேக்குறேன் சார். நாளைக்குத்தான் கடைசி. அத விட்டா இல்ல."

அதிகாரி சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் அட்டையை எடுத்து இன்னொரு தடவை பார்த்தார். ஒரு போனில் யாரிடமோ பேசினார். முதலுதவிக் கூடாரத்தில் ஆள் பற்றவில்லை, உதவிக்கு வந்த இரண்டு பேர் வெயிலில் சுருண்டு அங்கேயே கட்டிலில் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. "பட்டை தர முடியாதும்மா. வேலை அட்டை தரலாம். அந்தக் கூடாரம், அதுக்குப் பின்னால இருக்குற சந்து, அவ்வளவுதான். மைதானத்துல கால் வைக்கக் கூடாது. சம்மதமா?"

"கூடாரம் எங்க இருக்கு சார்?"

"பெரிய மேடைக்குப் பின்னால."

"சம்மதம்."

முதலுதவித் தலைமை நர்ஸ் நெட்டையான பெண், பேச்சில் சிக்கனம். சின்னவளை மேலும் கீழும் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கேட்டார். "நீங்க என்ன வேலை?"

"நான் இவங்க சம்பந்தி."

"அது வேலை இல்லையே."

"எங்க வீட்டுல முழுநேர வேலை அதுதாம்மா."

நர்ஸ் சிரித்துவிட்டார். கட்டுத்துணி வெட்டுகிற வேலை சம்பந்தியம்மாவுக்குக் கிடைத்தது. அவர் வெட்டிய துண்டுகளை அடுக்கினால் ஒன்று மற்றதைவிட ஒரு நூல்கூட நீளாது. அன்று முழுக்கக் கால் கொப்புளம், கணுக்கால் சுளுக்கு, வெயில் மயக்கம். புட்டி வாய்க்குள் விரலை விட்டு எடுக்க முடியாமல் ஒரு பேங்க் மேனேஜர் வந்தார். சின்னவள் எண்ணெய் தடவி, நடப்பு அரசியலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உருவி எடுத்துவிட்டாள். இரண்டு மணிக்கு மொட்டைத் தலைக்காரர்கள் வந்தபோது சம்பந்தியம்மாவின் கத்தரி கொட்டுக்குத் தக்கபடி ஓடியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம். வெளியே கூட்டம் கத்துகிறது. அந்த நேரம் பார்த்துத் தூரத்து வாசலில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று தலைமை நர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போகும்போது, மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணைக் காட்டிச் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு சலைன் ஓடுது. யாராவது பக்கத்துலயே இருங்க."

கூடாரத்தில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். சின்னவள் கட்டில் பக்கத்தில் நின்றாள். மேடையில் கொட்டு எழும்பியது. கட்டிலின் இரும்புக்கால் அதிர்ந்தது. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அவள் பார்வை சலைன் புட்டியை விட்டு நகரவில்லை. வாய் மட்டும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அசைந்தது.

"போங்க சம்பந்தி," என்றார் அந்த அம்மா. "நான் இருக்கேன்."

"உங்களுக்கு இது பழக்கமில்ல."

"சொட்டு நின்னாக் கூப்பிடணும். கை வீங்கினாக் கூப்பிடணும். நேத்துலேந்து நாப்பது தடவ சொல்லிட்டீங்க. சந்து எட்டடி. கத்தினாக் கேக்கும்."

"இருந்தாலும்..."

"இருந்தாலும் என்ன இருந்தாலும். போடி."

சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்கே உறைத்தது. கட்டிலில் கிடந்த பெண்கூடக் கண்ணைத் திறந்து பார்த்தாள். சம்பந்தியை 'டி' போட்டுச் சொன்னதாக எங்கள் குடும்பத்தில் நான் கேட்டது அது ஒன்றுதான். சின்னவள் சந்துக்குப் போனாள்.

சந்து முனையிலிருந்து மேடையின் பின்பக்கம் தெரிந்தது. நாலு முதுகு. நடுவில் பாடுகிறவரின் முதுகு, அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னது. இடது முட்டியில் கட்டுப் போட்டிருந்தார். 'இந்தக் கட்டை யார் போட்டாங்க, இவ்வளவு இறுக்கமா' என்றுதான் முதலில் தோன்றியதாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அந்தக் காலை மட்டும் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு அப்பால் பார்த்தாள். மைதானம் முழுக்க முகம். வெயில் சாய்ந்து எல்லா முகத்திலும் விழுந்திருந்தது. முன்வரிசையில் அந்தத் தபால்காரர் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நின்றிருந்தால் முன்னால் நிற்கிறவரின் தலை தெரிந்திருக்கும், அவ்வளவுதான். பாடுகிறவர் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அது இவளுக்கும் தெரிந்தது.

ஏழு பாட்டு நின்று கேட்டாள். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது சலைன் முடியும் தறுவாயில் இருந்தது. சம்பந்தியம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சொட்டுக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

"அஞ்சாவது பாட்டுலதானே அழுதீங்க?" என்றார், மறுபடி மரியாதைக்குத் திரும்பி. "எனக்கு இங்கேயிருந்தே தெரிஞ்சுது. அந்தப் பாட்டு அப்படி."

ஊர் திரும்பியதும் நாங்கள் எல்லோரும் சின்னவள் வீட்டில் கூடினோம். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். முன்பக்கமே பார்க்கவில்லையா என்று இரட்டை நாத்தனார்கள் உச்சுக் கொட்டினார்கள். சின்னவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. "முகம்தான் இத்தன வருஷமா படத்துல பாக்குறேனே. முதுகு யாரு காட்டுவாங்க?" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். அவரும் தன் பங்குக்குச் சொன்னார்.

"நானும் முப்பது வருஷமா ஜனங்களுக்கு முதுகத்தான் காட்டுறேன். ஒருத்தராவது அழுதாங்களா?"

"நீங்க சடக்குனு பிரேக் போட்டப்ப எங்கம்மா அழுதாங்க," என்றாள் சின்னவள். சம்பந்தியம்மாவுக்குப் புரையேறிவிட்டது. சின்னவள் எழுந்து போய் அவர் தலையில் தட்டினாள்.