உறைக்கேற்ற துப்பாக்கி

என் கணவர் துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே அதற்கு உறை தைத்துவிட்டார். துபாயின் சத்வா கடைத்தெருவில் போட்டோவைக் காட்டினால் எதையும் தைத்துக் கொடுப்பார்கள். கோயிலில் மகள் புதுநன்மை வாங்கிய கவுனையும் பள்ளி நாடகத்துக்கான தேவதைச் சிறகையும் அங்கேதான் தைத்தோம். அந்தத் தெம்பில் இவர், அமெரிக்காவிலிருந்து வாட்ஸப்பில் வந்த ஒரு போட்டோவோடு தோல் பை தைக்கிற கடைக்குப் போனார். டிரில் மெஷினுக்குக் கவர் என்று சொல்லி, நீள அகலத்துக்கு ஒரு மரத்துண்டையும் கொடுத்து, பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒன்றைத் தைத்து வாங்கி வந்தார். அன்று சாயங்காலம் அதை பெல்ட்டில் மாட்டி, உள்ளே ஏசி ரிமோட்டைச் செருகிக்கொண்டு, ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட்டோ அனுப்பியவர் அத்தான், அதாவது கணவரின் பெரியப்பா மகன். டெக்சாஸில் இருக்கிறார். அதே ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. பரீட்சை எழுதி, விசாவும் வந்து, இங்கே தேராவில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ராஜினாமாவும் கொடுத்தாகிவிட்டது. அடுத்த மாதம் மூன்று பேரும் கிளம்ப வேண்டும். அத்தான் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார். பார்த்த கையோடு ஒரு யோசனையும் சொன்னார்.

"வந்ததும் மொத வேலையா ஒரு துப்பாக்கி வாங்கிரு தம்பி. ஊருக்கு வெளிய வீடு. நம்மள நாமதான் பாத்துக்கிடணும்."

அத்தான் சொன்னால் போதாதா? அவர் மளிகைக் கடைக்குப் போகும்போதுகூட இடுப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர். அங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதாம். என் கணவர் அன்றிலிருந்து யூடியூபே கதி என்று ஆனார். செமி ஆட்டோமேட்டிக் என்றால் என்ன, விசையை இழுக்க இழுக்க ஒவ்வொரு தோட்டாவாகப் போய் அடுத்தது தானாக ஏறிக்கொள்வது எப்படி, தோட்டா ஒன்பது எம்எம் நல்லதா நாற்பத்தைந்து நல்லதா என்று சோற்றில் கை வைத்தபடி எனக்குப் பாடம் நடத்தினார். இவர் ஏசி டெக்னீஷியன். ஊரிலிருந்து துபாய் வந்த நாள் முதல் காயிலும் கம்ப்ரசருமாக இருந்தவர். உப்புக் கடற்கரையில் பிறந்த எங்கள் இருவருக்கும் ஆயுதம் என்றால் மீன் வெட்டும் அரிவாள்தான்.

நான் எமர்ஜென்சி வார்டு நர்ஸ். இத்தனை வருட டூட்டியில் கட்டட சைட்டிலிருந்து கை நசுங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வெயிலில் சுருண்டு விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தொண்டையில் முள் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கிக் காயம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. இனி அங்கே பார்க்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பார்ப்பது என் வேலை. வீட்டு அலமாரியில், ஒன்பது வயது மகள் எட்டும் உயரத்தில், அதே சாமான் இருக்கிறது என்ற நினைப்போடு நைட் டூட்டி பார்க்க என்னால் முடியாது.

"துப்பாக்கி வாங்குனா நான் ஃப்ளைட் ஏற மாட்டேன்" என்றேன்.

"உனக்குப் பயம். அதான் வேண்டாங்கிற" என்றார். "ஒரு தடவ பிடிச்சுப் பாத்திருக்கியா? பிடிச்சுப் பாத்தாத்தான தெரியும்?"

"நீங்க பிடிச்சுப் பாத்திருக்கீங்களோ?"

அந்தச் சண்டையில் பிறந்ததுதான் பந்தயம். நகரத்துக்கு வெளியே, மணல் தொடங்குகிற இடத்தில், துப்பாக்கி சுடும் கிளப் ஒன்று இருக்கிறது. ஐடி கார்டைக் கொடுத்தால் பயிற்சியாளரைப் பக்கத்தில் நிறுத்திச் சுட விடுவார்கள். ஆளுக்கு ஐந்து தோட்டா. எந்தத் துப்பாக்கி என்பது அவரவர் விருப்பம். ஜெயித்தவர் சொல்வதுதான் முடிவு. வாங்குவதா வேண்டாமா என்று அதற்கப்புறம் பேச்சே கிடையாது. இவர் கை நீட்டினார், நான் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மகளைப் பக்கத்து ஃபிளாட் மலையாள அக்காவிடம் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பூசை முடிந்த கையோடு போனோம். பூசையில் மாதாவிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உறையை இவர் ஒரு துணிப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

பயிற்சியாளர் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். என்னைவிடக் குட்டை. காதுக்கு அடைப்பானும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டு, மேஜையில் மூன்று துப்பாக்கிகளைப் பரப்பினாள். எல்லாம் காலி என்று ஒவ்வொன்றாகத் திறந்து எங்களிடம் காட்டினாள், எங்களையும் பார்த்துச் சொல்லச் சொன்னாள். அந்த இடம் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. எங்கள் வார்டிலும் இன்சுலின் போடுமுன் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டித்தான் போடுவோம்.

முதலாவது, அத்தான் வைத்திருக்கிற மாதிரியே பெரிய நாற்பத்தைந்து. இவர் கண் அதைவிட்டு அகலவில்லை. நான் எடுத்துப் பார்த்தேன். என் விரல் நுனி விசையைத் தொட்டதே தவிர அதில் படியவில்லை. மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்தால்தான் தோட்டா ஏறும், அது ஒரு இம்மி நகரவில்லை. இரண்டாவது, உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி. சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கிதானே என்று ஆசையாக எடுத்தேன். என் சுண்டு விரலுக்குப் பிடியில் இடமே இல்லை.

"மேம், இது பாக்கத்தான் பேபி" என்றாள் அவள். "சுட்டா உதைக்கும். வெயிட் இல்ல, பிடி இல்ல."

மூன்றாவது நடுத்தரமான ஒன்பது எம்எம். முழுக்க இரும்பு, நல்ல கனம். அந்தக் கனம்தான் உதையை வாங்கிக்கொள்ளுமாம். மூன்று விரலும் பிடியில் பதிந்தன, ஆள்காட்டி விரல் விசையில் சரியாக உட்கார்ந்தது. ஸ்லைடை இழுக்காதே, இடது கையால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வலது கையை முன்னால் தள்ளு என்று அவள் செய்து காட்டினாள். தள்ளினேன். சடக்கென்று திறந்தது. எனக்கு அப்போதே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

"எனக்கு இது போதும்" என்றேன்.

"எனக்கு அது" என்று இவர் பெரியதைக் காட்டினார். "அடிச்சா ஒரே அடியா இருக்கணும்."

"சின்ன ரூமுக்கு ரெண்டு டன் ஏசி கேக்குறவங்கள நீங்க என்ன திட்டுத் திட்டுவீங்க? அதே வேலையத்தான இப்ப நீங்க பாக்குறீங்க."

"ஏட்டி, ஏசி வேற, இது வேற."

பழகிப் பார்க்க ஆளுக்குச் சில தோட்டாக்கள் கொடுத்தாள். என் முதல் குண்டுக்கு நான் போட்ட சத்தம் துப்பாக்கிச் சத்தத்தைவிடப் பெரிது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இவர் சத்தம் போடவில்லை, ஆனால் குண்டெல்லாம் இலக்குத் தாளின் அடியில் போய்க்கொண்டிருந்தது. துப்பாக்கியில்தான் ஏதோ கோளாறு என்றார். அவள் இவர் அறியாதபடி ஒரு வெற்றுத் தோட்டாவைக் கலந்து போட்டுக் கொடுத்தாள். இவர் விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. வெடிக்காத துப்பாக்கியின் மூக்கு மட்டும் தானாகக் குபுக்கென்று கீழே குனிந்தது. உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே பயந்து அழுத்துகிறது என்று அவள் சொன்னாள். பயம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பந்தயத்துக்கு முன்னால் இவர் உறையை எடுத்து, மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். காலித் துப்பாக்கியை அவளே அதில் வைத்து இவருடைய வலது இடுப்பில் பிடித்துப் பார்த்தாள். பின்னால் பார்க்க வேண்டிய பிடி முன்னால் பார்த்துக்கொண்டு நின்றது.

"சார் லெஃப்ட் ஹேண்டா?"

"இல்லையே."

அத்தான் அனுப்பிய போட்டோவைக் காட்டினார். அவள் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அத்தானின் பனியனில் இருந்த எழுத்தை விரலால் தொட்டாள். எழுத்தெல்லாம் திரும்பி இருந்தது. அத்தான் கண்ணாடி முன் நின்று எடுத்த போட்டோ அது. வலம் இடமாகியிருக்கிறது. சத்வா தையல்காரர் பாவம், படத்தில் கண்டதை இம்மி பிசகாமல் தைத்துக் கொடுத்திருக்கிறார். நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள். இவரும் கொஞ்சம் சிரித்துவிட்டு, உறையைப் பைக்குள் திணித்தார். அப்போதாவது துப்பாக்கியை மாற்றியிருக்கலாம். ஆனால் மானப் பிரச்சினை ஆகிவிட்டதே, மாற்றுவாரா?

அவர்தான் முதலில் சுட்டார். இரண்டு வட்டத்துக்குக் கீழே, ஒன்று தாளின் ஓரத்தில், மற்ற இரண்டும் தாளிலேயே இல்லை.

என் முறை வந்தது. கால்களை அகட்டி நின்றேன். பச்சைக் குழந்தைக்கு ஊசி ஏற்றும்போது மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொள்வேன், அதே மாதிரி நிறுத்தினேன். முதல் குண்டு போனது. இரண்டாவது போனது. மூன்றாவது சுட்டதும், வெளியே தெறித்த காலித் தோட்டா நேராக என் சுடிதார் கழுத்துக்குள் விழுந்தது. கொதிக்கிற எண்ணெய் சொட்டு பட்டது போல இருந்தது. குதிக்க வேண்டும், உதற வேண்டும் என்று உடம்பு துடித்தது. ஆனால் என் கையில் தோட்டா ஏறிய துப்பாக்கி இருக்கிறது. விரலை விசையிலிருந்து எடுத்தேன். துப்பாக்கியின் வாய் இலக்கைப் பார்த்தபடியே மேஜையில் வைத்தேன். அதற்கப்புறம்தான் "ஐயோ மாதாவே" என்று குதித்து உடையை உதறினேன்.

"வெரி குட் மேம்!" என்று அவள் கத்தினாள். "அதுதான் முக்கியம்! பெரிய பெரிய ஆளுங்ககூட துப்பாக்கியோட திரும்பிடுவாங்க."

கழுத்தெலும்பு எரிய எரிய மறுபடி எடுத்து மற்ற இரண்டையும் சுட்டேன். தாள் கம்பியில் ஓடி எங்களிடம் வந்தது. என் ஐந்தும் ஒரு தோசைக் கரண்டி அளவு இடத்துக்குள், நடுவட்டத்தில் இருந்தன. என் சந்தோஷத்தை ஏன் மறைக்க வேண்டும்? இரண்டு கையையும் தூக்கி ஆடினேன். அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்தேன். நர்ஸிங் பரீட்சையில் பாஸான அன்றுகூட நான் அப்படி ஆடவில்லை.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கை ஒட்டிய கஃபெட்டேரியா முன்னால் வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே டீ வாங்கினார். வழக்கம்போல என் டீயை முதலில் ஆற்றிக் கொடுத்தார்.

"சொல்லு. என்ன முடிவு?"

"துப்பாக்கி வேண்டாம்."

"சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு மூச்சு வாதம் வரும் என்று நான் பதில்களைப் பட்டியல் போட்டே வைத்திருந்தேன். அந்தச் சரி என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. டீயைப் பார்த்தபடி அவரே பேசினார்.

"இங்க இத்தன வருசம் உன் விசா எம்பேருல இருந்துச்சு. அங்க நான் உம்பேருல வாரேன். நீ டூட்டிக்குப் போயிருவ. எனக்கு வேலை எப்பக் கெடைக்குமோ. வீட்டக் காக்குறதாவது எம்பொறுப்பா இருக்கட்டும்னு நெனச்சேன்."

இத்தனை நாளும் அத்தான் மேல் எரிந்து விழுந்தேனே தவிர, இது இவர் மனதில் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

"என் டூட்டி முடியிற நேரத்துக்கு நீங்க வண்டியோட வெளிய நிக்காத நாள் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றேன். "சைட்ல இருந்து அழுக்கு யூனிஃபார்மோட வந்து நின்னீங்க. காய்ச்சலோட வந்து நின்னீங்க. நான் தைரியமா வேலை பாத்தது அதனாலதான். அங்கயும் வந்து நில்லுங்க. எனக்கு அந்தக் காவல் போதும்."

அவர் என் கழுத்தில் சிவந்திருந்த இடத்தைப் பார்த்து, பர்னால் வாங்கணும் என்றார்.

அப்போது அத்தானின் போன் வந்தது. வண்டி ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று கேட்டது.

"என்ன தம்பி, போய்ப் பாத்தியா? எந்த மாடல்னு முடிவு பண்ணியாச்சா? சொல்லு, இங்க கடையில சொல்லி வைக்கேன்."

இவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீக் கப்பைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்ணே. எங்க வீட்டுல நல்லாச் சுடுறது அவதான். அவளே வேண்டாங்கா."